கண்டியக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

கண்ணுகளா, பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து "அப்பா, கேள்வி கேளுங்கப்பா" என்று நீங்கள் நிற்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். அம்மாதான் கேட்பாள். "உங்கப்பனுக்குப் பத்தாவதுக்கு மேல போனா காய்ச்சல் வந்துரும்" என்று அவள் கேலி செய்ய, நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காரணம் அது இல்லை. என் ஆயுசில் ஒரே ஒருத்தரைத்தான் எதிரே உட்காரவைத்து, கேள்வி கேட்டு, பதில் சொல்லிக்கொடுத்துத் தேற வைத்தேன். அந்த அக்காவைப் பற்றி உங்களிடம் பேசியதே இல்லை. பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேலை கிடைப்பதற்கு முன்னால் நான் மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே கொழுந்து எடுத்த அக்கா அவர். இலங்கையில் கலவரம் நடந்தபோது கண்டிப் பக்கமிருந்து படகேறி வந்தவர் என்பதால் எல்லோரும் கண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அண்ணன் அதற்கு வெகுகாலம் முன்பே, இரண்டு அரசாங்கமும் பேசி ஆட்களை அனுப்பியபோது, முறையான காகிதங்களோடு வந்து குடியேறியவர். தங்கச்சி வந்ததோ கட்டிய சேலையோடு. கூட வந்த புருஷன் வழியில் என்ன ஆனான் என்று அண்ணனுக்கே தெரியாது. அக்காவிடம் கேட்டால், "பிரட்டுக்களத்துல நிக்கிறாரு, வந்துருவாரு" என்பார். காலையில் ஆள் எடுக்கும் இடத்தைத்தான் அவர்கள் பிரட்டுக்களம் என்பார்கள்.

கை வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றின இலை ஒன்றுகூடக் கலக்காமல் கூடை நிறைந்துவிடும். பேச்சுதான் வேறு எங்கோ இருக்கும். டிஸ்பென்சரி வாசலில் நின்று, "ஏன் தம்பி, இந்தத் தார் ரோட்டுலயே போனா ஹட்டன் வந்துரும்தானே?" என்று கேட்பார். "எமரால்டு வருமுங்க அக்கா" என்பேன். "அதுக்கு அங்கிட்டு?" என்பார். ஹட்டன் இருப்பது இலங்கையில். நடுவில் கடல் இருப்பது அவருக்கு ஒருநாளும் நினைவில் நின்றதில்லை. இன்னொன்று, யாராவது கொஞ்சம் அதிகாரமாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா"தான். துரை கேட்டாலும் சரிங்க ஐயா, லாரி டிரைவர் கேட்டாலும் சரிங்க ஐயா. எஸ்டேட்டில் பாதிப்பேர் அப்படித்தான் என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

எஸ்டேட் ஓடுகிற வரைக்கும் அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் தேயிலை விழுந்தது. பச்சைத் தேயிலையை வாங்க ஆளில்லாமல் பாக்டரிகளில் ஒவ்வொன்றாகப் புகை நின்றது. கவாத்து இல்லாமல் செடிகள் மரமாக வளர்ந்து, உள்ளே காட்டெருமை படுத்துக் கிடந்தது. எனக்கு ஊட்டியில் ஆஸ்பத்திரி அட்டெண்டர் வேலை கிடைத்ததால் தப்பித்தேன். எங்கள் எஸ்டேட்டும் மூடி, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, யார் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் பட்டியல் எடுத்தார்கள். அண்ணன் காகிதத்தை நீட்டினார். தங்கச்சியிடம் நீட்ட ஒன்றுமில்லை. எந்த நாட்டு ஆள் என்று விசாரணைக்கு வரச்சொல்லி ஓலை வந்தது.

அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "தம்பி, இவளை எங்கிட்டயிருந்து பிரிச்சு அனுப்பிட்டா, சோத்துத் தட்டை முன்னுக்கு வச்சாத்தான் சாப்பிடணும்கிற நெனப்பே வரும். ஒரு மாசம் தாங்க மாட்டா" என்றார். விசாரணைக்கு முன்னால் டாக்டர் அவரைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று புரிந்து பதில் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று எழுதித்தர வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது கண்ணுகளா. ஏனென்றால் அந்தச் சோதனை எனக்கு அத்துப்படி. அப்போதுதான் வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டரம்மா வந்து, எங்கள் இளம் டாக்டர்களுக்கு இதை எப்படிச் செய்வது என்று மூன்று நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போயிருந்தார். பாடமெல்லாம் இங்கிலீஷில். பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமென்று டீ கொண்டுபோன என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆறு டாக்டர்கள், ஆறு தடவை, அதே கேள்விகள். நான் பயபக்தியோடு எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். குள்ளமாக, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ஒரு டாக்டர் தம்பி, "அண்ணா, நீங்க இவ்வளவு தெளிவா இருந்தா உங்களைத்தான் முதல்ல கப்பல் ஏத்துவாங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

பரீட்சை என்றால் பாஸாக வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எஸ்டேட்டில் லேபர் ஆபீசர் வருகிறார் என்றால் முந்தின நாளே ஆட்களைக் கூட்டிவைத்து, மருந்து கிடைக்குதா என்று கேட்டால் கிடைக்குதுங்க என்று சொல்லணும், தண்ணி வருதா என்றால் வருதுங்க என்று சொல்லணும் என்று பழக்குவோம். டிஸ்பென்சரி சார்பில் அந்த வேலையை நான்தான் செய்வேன், நன்றாகவே செய்வேன். அதே கையோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை எமரால்டுக்குப் போனேன். அண்ணன் அங்கே கேரட் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய், ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தார். அக்கா சாக்கை விரித்து வெள்ளைப்பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருப்பார். நான் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பேன்.

"இது எந்த நாடுங்க அக்கா?"

"இந்தியாங்க ஐயா."

"யாரு விசாரிக்கப் போறாங்க?"

"அதிகாரி ஐயா."

"எதுக்கு?"

"நான் எந்த நாட்டு ஆளுன்னு பாக்கங்க."

"ஏதாவது புரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"திரும்பக் கேப்பேங்க ஐயா."

முதல் ஞாயிறு தடுமாறினார். இரண்டாவது ஞாயிறு, ஒவ்வொரு பூண்டைத் தட்டில் போடும்போதும் ஒவ்வொரு பதிலாகத் தாளம் தப்பாமல் வந்தது. கேள்வியை மாற்றிக் கேட்டாலும் பதில் மாறவில்லை. யார் விசாரிப்பது என்று கேட்டாலும் சில சமயம் இந்தியாங்க ஐயா என்றார். அதனால் வரிசை மாறாமல் கேட்கவேண்டுமே என்றுதான் கவலைப்பட்டேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பள்ளிக்கூடம் போயிருந்தா எங்கயோ இருந்திருப்பா" என்றார்.

அந்தச் சிரித்த முகத்து டாக்டர் தம்பிதான் அவரைப் பார்த்தார். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். வகுப்பில் படித்த வரிசையிலேயே கேட்டார், அக்காவும் படித்த வரிசையிலேயே சொன்னார். வெளியே வந்து என்னிடம், "உங்க அக்கா சூப்பரா பதில் சொல்றாங்க அண்ணா. எல்லாம் புரியுதுன்னு எழுதிட்டேன்" என்றார். நான் ஓடிப்போய் அக்காவுக்கு வர்க்கி வாங்கிவந்து கொடுத்தேன். டீயில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டார்.

விசாரணை அன்று லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. அக்காவை உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு எல்லாம் புரியுதுன்னு போட்டிருக்காரு. அப்ப நீங்களே பேசலாம்" என்றார். காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லைங்க ஐயா. அதற்கப்புறம் வந்த கேள்வி நான் சொல்லிக்கொடுத்ததில் இல்லாதது.

"இலங்கையில இப்ப சண்டை நின்னுருச்சு. திரும்பிப் போறதுக்குச் சம்மதமாம்மா?"

"சரிங்க ஐயா."

அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "ஐயா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா, யாரு என்ன கேட்டாலும்..."

"பெரியவரே, இருங்க. அவங்கதான் தெளிவா சொல்றாங்கல்ல? டாக்டரும் எழுதியிருக்காரே."

கதவோரம் நின்ற எனக்கு, போய்ச் சொல், போய்ச் சொல் என்று நெஞ்சு அடித்தது. என்ன சொல்வேன்? டாக்டர் எழுதியது தப்பு என்றா? அட்டெண்டர் சொல்லி யார் கேட்பார்கள்? சம்மதக் காகிதத்தில் ரேகை வைக்க, ஸ்டாம்பு பேடில் அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. வெளியே வந்ததும் அக்கா அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சரியா சொன்னேனா தம்பி?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "போயிட்டுப் பொழுதோட வந்துரலாம்தானே?" என்றார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் ஜீப்பில் ஏற்றி, கீழே சமவெளியில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அனுப்புவார்களாம்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா மறுபடி வகுப்புக்கு வந்தார். நான் டீத் தட்டோடு உள்ளே போனபோது, நல்லவேளையோ கெட்டவேளையோ, தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "இது பாஸ் பெயில் பாக்குற பரீட்சை இல்ல. புரியலைன்னு நாம எழுதினா விசாரணையை நிறுத்தி வைப்பாங்க. அவங்களுக்காகப் பேச ஒரு ஆளை வைப்பாங்க, சொந்தக்காரங்களைப் பக்கத்துல உட்கார விடுவாங்க. அதனால யாராவது கடகடன்னு ஒப்பிச்சா நம்பிடாதீங்க. அதையே வேற விதமாத் திருப்பிக் கேளுங்க." தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் தம்பியின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. இரண்டு பேரும் உட்கார்ந்து, மறுபடி சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கே கடிதம் அனுப்பினார்கள். பதில் பத்து நாள் கழித்து வந்தது. மேற்படி நபர் தம் விருப்பத்தின்பேரில் அனுப்பப்பட்டுவிட்டார், கோப்பு முடிக்கப்பட்டது என்று இரண்டே வரி.

அண்ணன் முகாமுக்குப் போனபோது அக்காவை அனுப்பிவிட்டிருந்தார்கள்; பார்க்காமலே திரும்பிவந்தார். இலங்கையில் இறங்கினபோது யார் வந்து அழைத்துக்கொண்டார்கள், யாராவது வந்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வார். "நீ சொல்லிக்குடுத்ததால அம்புட்டுப் பெரிய ஆளுங்க முன்னுக்கு மரியாதையா நின்னு பேசுனா தம்பி. அந்த மட்டும் நிம்மதி" என்பார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் முடிந்த கோப்புகளை மாடியில் ரெக்கார்டு ரூமில் கொண்டுபோய் அடுக்குவது என் வேலை. அந்த இரண்டு வரிப் பதில் வந்த வாரக் கட்டில் அக்காவின் கோப்பும் இருந்தது. அறையில் வேறு யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் கட்டையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எழுதினேன். "மேற்படி அம்மாள் டாக்டரிடம் சொன்ன பதில்கள் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தவை. அவருக்கு எதுவும் புரியாது. இது உண்மை." கீழே கையெழுத்துப் போட்டு, அட்டெண்டர் என்று எழுதினேன். டாக்டர் எழுதிய தாளுக்குப் பின்னால் அதை வைத்து, ஓட்டை போட்டு, டேக் நூலைக் கோத்து, அவிழாத மாதிரி இரண்டு முடிச்சுப் போட்டேன். பிறகு அந்த எண்ணுக்குரிய இடத்தில் கோப்பைச் செருகிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.