அண்ணனுக்கு உப்பு ஆகாது

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான எருத்தேன்பதியின் மாரப்பன், கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அத்தனை ஆண்டுகளில் ஒரு மாட்டுக்கும் அளவு பிசகி அவர் மருந்து புகட்டியதில்லை. ஓய்வுக்குப் பின் அந்த அளவுப் பழக்கம் வேறு போக்கிடம் இன்றி, கொல்லையில் திரிந்த ஏழு அணில்களின் மேல் விழுந்தது.

காலை ஆறரை மணிக்கு வேப்பமரத்தடியில் மண்தட்டு வைப்பார். அணில் ஒன்றுக்கு ஓட்டோடு கூடிய நிலக்கடலை இரண்டு. ஓட்டை உரித்துத் தரமாட்டார். அணிலின் முன்பல் சாகும்வரை வளரும், அதைக் கடித்துத்தான் தேய்க்க வேண்டும் என்பதை அறிந்தவர். கடலையே தின்றால் எலும்புக்கு ஆகாது என்று, ஒன்றுவிட்டு ஒரு நாள் கொய்யாத் துண்டும் வெள்ளரியும் முருங்கைக் கீரையும் வைப்பார். உப்பும் சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் அந்தத் தட்டை அண்டியதே இல்லை. இரண்டு ஆண்டுகள் இப்படி வளர்ந்த அணில்கள் மினுமினுவென்று இருந்தன. ஆனால் ஒன்றுகூட அவர் கையிலிருந்து வாங்கித் தின்றதில்லை. அவர் நான்கு அடி விலகிய பிறகே தட்டுக்கு இறங்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் குப்பண்ணன் வீடு. மாரப்பனைவிட ஆறு வயது இளையவர். தென்னந்தோப்பும் இரண்டு எருமைகளும் உடையவர். வேலந்தாவளம் சந்தைக்குப் போனால் காரமிக்சர் வாங்காமல் திரும்பமாட்டார். காலையில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, பாதியைத் தின்று பாதியைச் சிந்துவார். “அண்ணா, இந்தாங்க” என்று வேலிக்கு மேலாக மாரப்பனுக்கும் ஒரு கை நீட்டுவார்.

சித்திரையில் மாரப்பனின் தட்டுக்கு நான்கு அணில்கள் வந்தன. வைகாசியில் ஒன்று வந்தது. ஒரு நாள் வேலி இடுக்கில் பார்த்தபோது, மற்ற ஆறும் குப்பண்ணனின் கட்டிலில் இருந்தன. அவற்றில் ஒன்று அவருடைய உள்ளங்கையில் உட்கார்ந்து ஓமப்பொடியை முறித்துக்கொண்டிருந்தது. மாரப்பனுக்கு வயிறு எரிந்தது. அதன் பிறகு அரைமணிக்கு ஒருமுறை வேலிக்குப் போய் நின்றார்.

அவருடைய மனைவி கமலாத்தாள் இதைக் கவனித்தார். “ஏனுங்க, பொண்டாட்டி அடுத்த ஊட்டுக்குப் போயிருந்தாக்கூட நீங்க இப்படி எட்டிப் பாக்கமாட்டீங்களாட்ட இருக்குது!”

“அதுகளோட ஒடம்பு கெட்டுப் போகுதுன்னு பாக்கறேன்.”

“ஒடம்பையா பாக்கறீங்க? சரி சரி, பாருங்க.”

குப்பண்ணனிடம் நேரில் சொல்ல மாரப்பனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் பொறாமை வெளியே தெரிந்துவிடும். ஆகவே தாம் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போய், ஒற்றப்பாலத்திலிருந்து வந்து பணிபுரியும் டாக்டரம்மாவிடம், குப்பண்ணனுக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுமாறும், தம் பெயரை எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் டாக்டரம்மா குப்பண்ணனின் எருமைக்கு ஊசி போட வந்தார். கிளம்பும்போது, தலைக்கவசத்தை மாட்டி, ஸ்கூட்டரை முடுக்கிய பின்புதான் நினைவு வந்தது. மலையாளத்தில் இரைந்து சொன்னார்: “அண்ணானு உப்பு கொடுக்கருது, கேட்டோ! மிக்சர் தீரே வேண்டா. கிட்னி கேடாவும். பச்சக் கடல, பேரக்கா, வெள்ளரிக்கா, அது மதி.”

மலையாளத்தில் அண்ணான் என்றால் அணில்; அதற்கு உப்பும் மிக்சரும் கூடாது, பச்சைக் கடலையும் கொய்யாவும் வெள்ளரியும் போதும் என்றார். குப்பண்ணனுக்குத் தெரிந்த மலையாளமோ எருமை விலை பேசும் அளவுக்குத்தான். அவர் வாழ்வில் அண்ணன் என்றால் ஒரே ஆள், மாரப்பன்.

அன்று மாலையே கொய்யாவும் வெள்ளரியும் பச்சைக் கடலையும் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, கலங்கிய முகத்தோடு மாரப்பன் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, அண்ணனுக்கு கிட்னில என்னமோ கோளாறாமாங்க. இனி உப்பே ஆகாதாமா. டாக்டரம்மா சொல்லீட்டுப் போகுது.”

“மாட்டு டாக்டரா?” என்றார் கமலாத்தாள்.

“மாட்டு டாக்டரா இருந்தா என்னுங்கக்கா? கூட வேலை பாத்த மனுசன். அதுகிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. நம்மகிட்ட மறைச்சுப்போட்டாரு பாருங்க.”

உள்ளிருந்து கேட்ட மாரப்பனுக்கு, நடந்தது முழுவதும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆனால் திருத்துவதானால், டாக்டரம்மாவிடம் போனது யார், எதற்காகப் போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் ரசத்தில் உப்பு இல்லை, பொரியலிலும் இல்லை. ஊறுகாய் ஜாடி பரணுக்கு ஏறியது. பன்னிரண்டு நாட்கள் மாரப்பன் மறுபேச்சின்றி அதைத் தின்றார்.

குப்பண்ணன் அதற்கும் மேலே போனார். “அண்ணன் சப்புன்னு திங்கறப்ப எனக்கு மிக்சர் எறங்குமா?” என்று மிக்சரையே விட்டுவிட்டார். தினமும் காலை ஆறரைக்குத் துணையிருக்க வந்து, வேப்பமரத்தடியில் மாரப்பன் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தார்.

அவருடைய கட்டில் காலியானதும் அணில்கள் அவர் பின்னாலேயே வந்தன. ஏழும் வந்தன. மாரப்பன் வைத்த தட்டிலிருந்து குப்பண்ணன் கடலை எடுத்து நீட்ட, அவர் கையில் வாங்கி, அவர் மடியில் உட்கார்ந்து ஓட்டைக் கொறித்தன. உணவு, மாரப்பன் விரும்பியபடியே, உப்பில்லாத நல்ல உணவு. பக்கத்தில் அதே கடலையை ஏந்திய மாரப்பனின் கையை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

“குப்பண்ணா, எந்திரிச்சு உன் ஊட்டுக்குப் போ. எனக்கு ஒண்ணும் இல்ல. டாக்டரம்மா சொன்ன அண்ணான் நானில்ல. அணில்! நான்தான் போய்ச் சொல்லச் சொன்னேன். எல்லாம் உங்கிட்ட வந்துருச்சேங்கற வயித்தெரிச்சல்ல சொல்லச் சொன்னேன். போதுமா?”

காபியோடு வந்த கமலாத்தாள் நின்றுவிட்டார். “அப்ப பன்னெண்டு நாளா நான் அணிலுக்கா ரசம் வெச்சேன்?”

குப்பண்ணன் மாரப்பன் பக்கம் திரும்பினார். “அப்ப உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களாண்ணா?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மடி குலுங்கியது. அணில் இறங்கவில்லை.