கண்ணாடிக்குள் போன ஏரி

நம்போசோ மேடம் குடிக்கிறார் என்று உகாண்டாவின் ம்பாலே நகரில் ஒரு பேச்சு உண்டு. விடிந்ததும் விடியாததுமாக மதுக்கடை வாசலில் குனிந்து பீர் மூடிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் பெண்மணியைப் பற்றி ஊர் வேறென்ன பேசும்? தேவாலயப் பாடல் குழுவில் பக்கத்தில் நிற்பவர்கள், அவர் வாய் திறக்கும்போதெல்லாம் மோந்து பார்ப்பதற்கென்றே சாய்வார்கள்.

அவர் பார்வையற்ற பிள்ளைகளின் ஆசிரியை. மேலிடம் அவருக்குச் சம்பளமும் அறிவுரையும் தரும். மற்றதையெல்லாம் அவரே பொறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த மூடிகளை ஊர்களாகவும் வாழைநாரை ஆறாகவும் ஒட்டி, ஊறவைத்த பழைய காகிதத்தைப் பிசைந்து மலை வைத்து, விரலால் படிக்கும் உகாண்டா வரைபடம் ஒன்றை அட்டையில் செய்து முடித்திருந்தார்.

எல்லாம் கைன்சாவுக்காக. ஐந்தாம் வகுப்பு முடித்த, பார்வையற்ற அந்தப் பெண்ணுக்கு ஆறாம் வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்கார ஆசை. "கண்ணு தெரியாத பிள்ளைக்குப் புவியியல் எப்படி வரும்?" என்று ஆறாம் வகுப்பு வாத்தியார் கையை விரித்துவிட்டார். மாவட்டக் கல்வி அதிகாரி ஒகிரோர் நேரில் சோதித்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஜுரம் கண்டுவிடும். பாதையோரக் கற்களுக்கு வெள்ளையடிப்போம். சோபாவின் பிளாஸ்டிக் உறையைத் துடைப்போம். கழற்ற மட்டும் மாட்டோம். அந்த ஜுரத்தில் தலைமையாசிரியர் மாபாபி வரைபடத்தையும் விட்டுவைக்கவில்லை. அன்று காலை நம்போசோ வந்து பார்த்தபோது, அது அலுவலகச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளத்தது.

"சார், என்ன இது?"

"எப்படி இருக்கு மேடம்? ஆணியெல்லாம் அசையாது."

"பிள்ளைங்க எப்படி சார் தொடுவாங்க?"

"அதுக்குத்தானே கண்ணாடி! தடவித் தடவி அழுக்காக்கிட்டாங்க."

"தடவுறதுக்குத்தான் சார் செஞ்சேன்!"

"கோபப்படாதீங்க. விருந்தாளி போகட்டும், பேசிக்கலாம்."

விருந்தாளி வந்தார். அண்ணாந்து பார்த்தார். "அருமை," என்றார். பிறகு கைன்சாவிடம், "எங்க, இதுல நைல் எங்க இருக்குன்னு காட்டு பார்ப்போம்," என்றார்.

கைன்சா கையை நீட்டினாள். சுவர்தான் அகப்பட்டது.

"சரி, அவ அஞ்சாம் வகுப்புலயே இருக்கட்டும்," என்று அதிகாரி பெருந்தன்மையோடு முடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு வழக்கமான சோளக்களி. அவருக்கு மசித்த வாழைக்காய், நிலக்கடலைக் குழம்பு, கோழிக்கால். அவர் கை கழுவித் திரும்புவதற்குள் நம்போசோ அந்தத் தட்டைத் தூக்கி கைன்சாவின் முன்னால் வைத்தார்.

"கை கழுவிட்டு வந்து காட்டுடி!"

"மேடம், அது என் சாப்பாடு!" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் பொறுங்க சார். நைல் எங்கன்னு கேட்டீங்கல்ல?"

கைன்சா வாழைக்காயை அமுக்கித் தெற்கே பள்ளம் பறித்தாள். அதில் குழம்பு நிரம்பியது. "இது பெரிய ஏரி. இங்க ஜிஞ்சா. நைல் இங்கருந்து வடக்க போகுது." விரல் ஒரு வாய்க்கால் கீறி இன்னொரு சின்னப் பள்ளத்தில் நின்றது. "இது கியோகா ஏரி." கிழக்கோரம் ஒரு குவியல் எழும்பியது. "நம்ம மலை. இந்தக் கோழிக்கால் எல்லை. அதைத் தாண்டினா கென்யா."

"சாரோட கோழிக்கால்!" என்று மாபாபி முனகினார்.

அதிகாரி தட்டுக்கு மேல் குனிந்தார். "எங்க ஊரு சொரோட்டி எங்க இருக்கு?"

"கியோகாவுக்கு வடகிழக்க," என்று அவள் அந்த இடத்தில் விரலால் ஒரு குழி வைத்தாள்.

அவர் அந்தக் குழியை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஆறாம் வகுப்புக்கு அனுப்புங்க. எனக்கு வேற தட்டு."

நம்போசோ பெருமூச்சு விட்டார். அந்த நிம்மதி மறுநாள் முதல் மணி வரைக்கும்தான் நிலைத்தது. ஆறாம் வகுப்பு வாத்தியார் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தார். சுண்ணக்கட்டியால் அதைத் தட்டி, "எல்லாரும் இங்க பாருங்க," என்றார்.

கைன்சா கையைத் தூக்கினாள். "எங்க சார்?"

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நம்போசோ, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். அடுத்து கற்றுக்கொடுக்க வேண்டிய ஆள் அவருக்குக் கிடைத்துவிட்டார்.