பேய் கழற்றி வைத்த செருப்பு

என் தம்பிக்கு நாற்பத்தெட்டு வயதில் பேய்ப் படம் எடுக்கும் ஆசை வந்தது. வந்தது என்று சொல்வதும் சரியில்லை. ஆசை ஐந்து வயதிலேயே இருந்தது, கமராதான் பிந்தி வந்தது. சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, நான் வரும்போது பாய்ந்து கத்துவான். நான் அசையமாட்டேன். கதவுக்குக் கீழே கால் தெரிகிறது என்று சொல்லிவிட்டு என் பாட்டில் போய்விடுவேன். வீட்டில் ஒருவரையும் அவனால் பயமுறுத்த முடிந்ததில்லை. இவனைக் கண்டால் பல்லிகூட ஓடாது என்று அப்பா சொல்லுவார்.

இப்போது அவனுக்குக் கொழும்பு ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் இறக்கி ஏற்றும் இடத்தில் கந்தோரில் மேசை வேலை. பகல் முழுக்க லொறிக்காரரும் முதலாளியும் தொலைபேசியும் அவனைப் பயமுறுத்துவார்கள். பதிலுக்கு உலகத்தை ஒருமுறையாவது பயமுறுத்த வேண்டும் என்று அவன் நினைத்ததில் எனக்கு நியாயம் தெரிந்தது. ஆனால் அதற்கு என் வீடு எதற்கு என்றுதான் கேட்டேன்.

வாடகை இல்லை என்பதுதான் காரணம். பேயாக நடிக்க நான் வேண்டும் என்றதற்கும் அதே காரணம். பேயைக் கண்டு பயப்படும் வீட்டுக்காரராக என் கணவரைக் கேட்டபோது, "பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேணும்" என்று அவர் உடனே சம்மதித்தார். இருபத்தைந்து வருடமாக அந்தப் பழமொழியைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி இருந்தது.

கதை சின்னது. செத்துப்போன பெண் ஒருத்தி தான் வாழ்ந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அங்கே இப்போது குடியிருக்கும் மனிதர் அவளைக் கண்டு நடுங்கி, கடைசியில் வாசலில் திருநீறு தூவி விரட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறார். அவ்வளவுதான். வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த எங்கள் பிளாட்டில் சனிக்கிழமைகளில் எடுத்தோம். இரவில் எடுத்தால் பக்கத்து வீட்டார் முறைப்பாடு சொல்லுவார்கள் என்று பகலிலேயே ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். காற்றில்லாமல் எல்லோரும் வெந்தோம். பேய்க்குப் பூசிய பவுடர் வியர்வையில் வழிந்தது. கடற்கரை ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம்.

வெள்ளைச் சேலை கட்டச் சொன்னான். கணவர் முன்னால் நிற்க வெள்ளைச் சேலை கட்டமாட்டேன் என்று சொன்னேன். பொட்டையாவது அழியுங்கோ என்றான். அதுவும் முடியாது, தாலியும் கழுத்தில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, ஆனால் எதற்கு வம்பு? கடைசியில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகும் பச்சைச் சேலையில், பொட்டும் தாலியுமாக, கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வருகிற ஆள் போலவே பேய் வந்தது.

கமரா பிடித்தவர் தம்பியின் சினேகிதர், கொட்டாஞ்சேனைக்காரர், கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். நல்ல மனிதர், நல்ல கை. பேய் வீட்டுக்குள் நுழையும் காட்சிக்கு அவர் நிலத்தோடு நிலமாகக் குந்தியிருந்து, கமராவை என் காலிலிருந்து மெதுவாக முகத்துக்கு உயர்த்தினார். "வலது காலை எடுத்து வையுங்கோ அக்கா" என்று மறக்காமல் சொன்னார். நானும் லிப்டிலிருந்து நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதில் ஏதும் பிழை இருந்ததாக அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. செருப்போடு யார் வீட்டுக்குள் போவார்கள்? அதன்பிறகு மாதக்கணக்காகத் தம்பி அந்தக் காட்சியைக் கணினியில் வெட்டியும் ஒட்டியும் பார்த்தான். அவன் கண்ணிலும் படவில்லை.

படம் முடிந்த அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அவன் என்னிடம் சொன்னான்: "ஒரு ஆளாவது பயப்பிட வேணும் அக்கா. ஒரு ஆள் காணும், அது போதும். இல்லாட்டி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு என்ரை வேலையைப் பாப்பன்."

விளையாட்டாகச் சொல்லுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோது அப்படி இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அதே முகம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு நடன வகுப்பின் மேல்மாடி மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது. பௌர்ணமிப் போயா நாள், வகுப்பு இல்லை, எல்லோருக்கும் லீவு. காலை பத்து மணிக்குப் பேய்ப் படம், வீட்டில் கட்டிய அதே கறுப்புத் துணியை மண்டபத்து ஜன்னல்களுக்கும் கட்டினோம். பிள்ளைகள் ஆடும் தரை என்பதால் படியேறி முடியும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சொந்தக்காரர், தம்பியின் கந்தோர் ஆட்கள், என்னோடு படிப்பிக்கிறவர்கள், எங்கள் பிளாட்டுக்காரர் என்று மண்டபம் நிறைந்தது. எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் ராத்தாவும் வந்திருந்தார். மாளிகாவத்தையில் பிறந்து வளர்ந்து, வெள்ளவத்தையில் கணவரோடு துணிக்கடை நடத்துகிறவர். ராத்தா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அக்கா; என்னைவிட மூத்தவர் என்பதால் அவருடைய பேரப்பிள்ளைகளைத் தவிர பிளாட்டில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். மொத்த வியாபாரிகளோடு வாய் கொடுத்து ஒரு நாளும் தோற்றதில்லை. பேயெல்லாம் பொய், ஜின் இருக்கிறது, அது வேறு கதை என்று வரும்போதே எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். எல்லோருக்குமாக ஒரு பெரிய பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீயும் கொண்டுவந்திருந்தார்.

நான் கடைசி வரிசையில் ஒளிந்திருந்தேன். தம்பி சுவரோரம் கணினிக்குப் பக்கத்தில் நின்றான். சம்பளம் கேட்கப் போனவன் மாதிரிக் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

படம் தொடங்கியதும் சனம் வேலையைத் தொடங்கிவிட்டது. கடல் தெரிந்த உடனே இந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். என் கணவர் பயந்து நடுங்கியபோது, அவர் உண்மையாகவே மெலிந்துவிட்டார், சீனி வருத்தம் இருக்கிறதா என்று ஒரு பெரியம்மா விசாரித்தார். திரைச்சீலை எங்கே வாங்கியது என்று என்னையே திரும்பிக் கேட்டார்கள். பின்னணியில் ரயில் போனபோது, இது எத்தனை மணி ரயில் என்று தம்பியின் கந்தோர் ஆட்கள் இரண்டு பேர் வாதாடினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் சனத்துக்குப் பேயே வந்து நின்றாலும் அதன் சேலைதான் கண்ணில் படும்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. லிப்ட் திறந்தது. பச்சைச் சேலையின் கரை அசைந்து வந்தது. மண்டபம் சற்று அடங்கியது. திரை நிறையப் பேயின் இரண்டு கால்களும் வந்து வாசலில் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாகச் செருப்பைக் கழற்றின. ஓரமாக ஒதுக்கி வைத்தன. வலது கால் உள்ளே போனது.

"நல்ல வளர்ப்பு" என்றார் ராத்தா, இருட்டுக்குள்ளிருந்து.

மண்டபம் வெடித்தது. சிரிப்பு ஓயவில்லை. ஓயப்போகும் நேரத்தில், பேய்க்குக் காலே இல்லை என்றுதானே சொல்லுவார்கள் என்று யாரோ ஞாபகப்படுத்த, திரும்பவும் தொடங்கியது. என்னோடு படிப்பிக்கும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். வேறொரு நாளென்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அந்த ராத்தாவின் வாய்க்கு நான் எப்போதும் அடிமை. ஆனால் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றதைக் கண்டேன். அவன் மீது எனக்குள்ள பாசத்தை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அந்த நிமிடம் எழும்பி விளக்கைப் போட்டு, எல்லோரையும் வகுப்பை விட்டு வெளியே நிறுத்த வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு பேய் என்ன செய்தாலும் சிரிப்புத்தான். குசினியில் நின்றாலும் சிரிப்பு, கண்ணாடியில் தெரிந்தாலும் சிரிப்பு. என் கணவர் திருநீறு தூவியபோது தும்மியதை வெட்டாமல் விட்டிருந்தான், அதற்கும் சிரிப்பு.

கடைசிக் காட்சி. பேய் போய்விட்டது. கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டதால் வீடு முழுக்க வெளிச்சம். என் கணவர் சவரம் செய்து, சப்பாத்துப் போட்டு, சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்து கதவைப் பூட்டுகிறார். லிப்டுக்குப் போகிறார். கமரா பூட்டிய கதவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான், முடியப்போகிறது. சனம் கைப்பைகளைத் தேடத் தொடங்கிவிட்டது.

"செருப்பு இன்னம் வெளியிலதான் ஈக்குது" என்றார் ராத்தா. இந்தத் தடவை மெதுவாக, தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி. பிறகு கேட்டார்: "அப்ப அவ எங்க?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பூட்டிய கதவு. வாசல் ஓரத்தில், ஒதுக்கி வைத்தது வைத்தபடியே, பேயின் செருப்பு.

அது அங்கே இருந்ததற்கு ஒரு மர்மமும் இல்லை. அது என் வீடு, என் செருப்பு, நான் அன்றைக்கு உள்ளே நின்று எல்லோருக்கும் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு எங்கே இருக்கும்? ஆனால் மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கைப்பை தேடிய கைகள் நின்றன. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். திரை இருண்டது. கைதட்டவும் ஆளில்லை.

கறுப்புத் துணியை விலக்கியதும் சனம் எழுந்து வெளியே போனது. செருப்புத் தேடும் இடத்தில் வழக்கமாக நடக்கும் கதையும் விசாரிப்பும் இல்லை. ஆளாளுக்குத் தங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு மளமளவென்று படியிறங்கினார்கள். என் கணவரும் கமராக்காரரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்கப் போனார்கள்.

தம்பி கதிரையில் உட்கார்ந்து கணினியை மடியில் வைத்திருந்தான். சிரிப்பு மட்டும்தான் அவன் காதில் ஏறியிருந்தது. கடைசியில் வந்த அமைதியை, பாவம் பார்த்துச் சும்மா இருந்தார்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் இருந்து, அவர்கள் பயந்துதான் போனார்கள் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

"என்ரை மனம் நோகக்கூடாதெண்டு நீங்கள் ஒரு நாளும் ஒண்டும் சொன்னதில்லை அக்கா. இண்டைக்குச் சொல்லுறீங்கள் எண்டால் படம் அவ்வளவு மோசம்."

நேர்மையாக வாழ்ந்ததற்குக் கிடைத்த கூலி இதுதான். படத்தை அழிப்பதற்கு அவன் விரல் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று கையைப் பிடிக்கலாம், ஆனால் பிடித்து வைத்திருந்து என்ன பயன்? ஒரு ஆள் காணும் என்றான். அந்த ஒரு ஆளாக நான் இருந்திருக்கலாம், ஐந்து வயதிலேயே. இப்போது நடித்தாலும் நம்பமாட்டான்.

அப்போது படியில் ஆள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக வந்த சத்தம் மேல்படியில் சட்டென்று நின்றது. கதவு பாதி திறந்திருந்தது. இருந்த இடத்திலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது, ராத்தா. அவருடைய பிளாஸ்க் இன்னும் மேசையில் இருந்தது, அதற்காகத் திரும்பி வந்திருக்கிறார்.

அவர் உள்ளே வரவில்லை. அபாயாவின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். சற்று முன்னர் செருப்புகளால் நிறைந்திருந்த இடம் இப்போது வெறுமையாக இருந்தது. தம்பி காலையில் சாமான் ஏற்றும்போதே தன் சப்பாத்தைப் பின்கதவுப் பக்கம் விட்டிருந்தான். முன்வாசலில் ஒரே ஒரு சோடிதான் மிச்சம், ஓரமாக ஒதுக்கி வைத்தபடி. படத்துக்கென்று வேறு செருப்பு வாங்கவில்லை, அதற்குப் பிறகும் நான் வாங்கவில்லை.

அது என் செருப்பு என்று ராத்தாவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் லிப்டில் பார்க்கிற செருப்பு. ஒரு முறை வார் அறுந்தபோது தைக்கக் கொடுத்ததே அவர்தான். இருந்தும் அவர் கால் முன்னுக்கு வரவில்லை.

"டீச்சர்" என்று கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. "டீச்சர், உள்ளுக்கு ஈக்கிறது நீங்கதானே?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். கணினியை மூடிவிட்டிருந்தான். கண் கலங்கி, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உடனை சொல்லாதேங்கோ அக்கா" என்றான் காதுக்குள். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."