மௌன விரதம் முடிந்த பிறகும்

ஒரு நிரபராதியைத் திருடன் என்று அடையாளம் காட்டியவள் நான். தெரிந்தேதான் காட்டினேன்.

பௌர்ணமிதோறும் மௌனமாகக் கிரிவலம் வருவது என் வழக்கம். கணவர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மலையைச் சுற்றும்போதாவது அந்த மௌனத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கட்டுமே என்று தொடங்கிய விரதம்.

அன்று அடி அண்ணாமலை அருகே எவனோ பின்னாலிருந்து என் சங்கிலியை அறுத்துக்கொண்டு கூட்டத்தில் மறைந்தான். விழுந்தேன். அப்போதும் நான் கத்தவில்லை... விரதமாம் விரதம்!

எதிரே சுக்கு காபி விற்றுக்கொண்டிருந்தவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். கழுத்தில் கசிந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தார். "ஐயோ, என்னம்மா ஆச்சு? வாயத் தொறந்து சொல்லுங்கம்மா" என்றார். கைகூப்பிவிட்டு நடந்தேன்.

மறுநாள் புகார் கொடுத்தேன். சில நாளில் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கேமரா பதிவை அலசிய செயற்கை நுண்ணறிவு, ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது. என் கழுத்தருகே குனிந்திருந்த அந்தச் சுக்கு காபிக்காரர்! கத்தாத பெண், கழுத்தில் கை வைத்த ஆண்... பாவம், அது வேறென்ன நினைக்கும்?

"கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிடுச்சு மேடம். நீங்க ஆமான்னு சொன்னா போதும்" என்றார் எஸ்.ஐ.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஏன்? நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். "சாப்டீங்களாம்மா?" என்று ஒரு பெண் போலீஸ் கேட்டாள். எத்தனை காலமாயிற்று, என்னை ஒருவர் அப்படிக் கேட்டு! இல்லை என்றால் அந்த முகங்கள் மாறிவிடுமோ என்று பயந்தேன். சீ! இதற்காகவா ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பினேன்?

வழக்கு நடக்கிறது. அவர் ஜாமீனில் வந்திருக்கிறார். கம்ப்யூட்டர்தானே காட்டியது என்று சட்டத்திடம் நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது சந்தேகப்பட மட்டும்தானே செய்தது? அந்தச் சந்தேகத்தைச் சாட்சியாக்கியவள் நான்தானே! சொல்லுங்கள்...

போன பௌர்ணமியன்று அவர் கடை முன்னால் வயதான பெண்ணொருத்தி தடுக்கி விழுந்தாள். அவர் பதறி எழுந்தார். சட்டென்று கம்பத்திலிருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "யாராவது வந்து தூக்குங்களேன்!" என்று கத்தினார்.

நான்தான் தூக்கினேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேச வாயெடுத்தேன்...

இன்று விரத நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்துவிட்டேன்.