பதிமூன்று கெண்டைகள்

எங்கள் ஊர் ஏரிக்கு வரும் கால்வாயைப் பெரியப்பா மணல் மூட்டை போட்டு அடைத்தபோது நான் இரண்டாம் வகுப்பு. உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் ஏரி நிறைந்தால்தான் நெல். ஆனாலும் அவர் அடைத்ததில் நியாயம் இருந்தது. மேற்கே இருந்த டவுனின் சாக்கடை முழுக்க அந்தக் கால்வாயில்தான் கறுப்பாக நுரைத்துக்கொண்டு வந்தது. மாடுகூட வாய் வைக்காது. நாற்று நட இறங்கியவர்களுக்குக் காலெல்லாம் சிரங்கு.

அடுத்த வருஷம் எங்கள் ஊர் எல்லையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அம்மா அதில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். தொட்டிகளுக்குக் காற்று அடிக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வதும், கடைசித் தொட்டித் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதிப்பதும் அவள் வேலை. தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று வீடு வீடாகச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. மூட்டை அப்படியே இருந்ததால் நல்ல தண்ணீர் ஓடைப் பக்கம் வீணாய்ப் போக, ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது.

கடைசியில் அம்மா ஒரு பந்தயம் கட்டினாள். பெரியப்பாவின் வயல் கிணற்றிலிருந்தே விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் பத்து வாங்கி, ஊரார் பார்க்கக் கடைசித் தொட்டியில் விட்டாள்.

“மூணு மாசம் பாருங்க. ஒண்ணு செத்தாலும் நான் வேலய உட்டுட்றேன். பத்தும் உசுரோட இருந்தா நீங்க மூட்டய எடுக்கணும்.”

“சாக்கட தண்ணில மீனா? பாத்துடலாம்,” என்றார் பெரியப்பா.

அந்த மூன்று மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டிப் பார்த்தால் லேசான பச்சையில் தண்ணீர் தெரிந்ததே தவிர மீன் தெரியவில்லை. எல்லாம் செத்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கெடுவுக்கு முதல் நாள், பள்ளிக்கூடம் விட்டதும் பெரியப்பாவின் கிணற்றுப் படியில் இறங்கித் துண்டால் மூன்று கெண்டைகளைப் பிடித்தேன். டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்க்கப் போகிற சாக்கில் உள்ளே நுழைந்து, தொட்டியில் கவிழ்த்தேன். மூன்று மீனாவது உயிரோடு இருக்கட்டுமே என்பது என் கணக்கு.

மறுநாள் காலை தொட்டியைச் சுற்றி ஊரே நின்றது. இரண்டு பேர் வலையை இழுத்தார்கள். பெரியப்பாவே எண்ணினார்.

“பத்து... பதினொண்ணு...” அவர் குரல் தடுமாறியது. “இன்னாம்மா இது? பத்துதான உட்ட? பதிமூணு கீது!”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “நான் உட்டது பத்துதான் மாமா. சத்தியமா தெரியாது.”

“செத்துப்போச்சின்னு புதுசா வாங்கியாந்து உட்டுக்கீறா!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

எனக்கு அழுகை பீறிட்டது. “அம்மா உடல! மூணு நான் உட்டேன். பெரியப்பா கெணத்துல புடிச்சேன்!”

பெரியப்பா வலைக்குள் கையை விட்டு மீன்களைப் பிரித்தார். மூன்று, விரலைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெலிந்து துள்ளின. மற்ற பத்தும் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்து, வயிறு புடைத்துக் கிடந்தன.

“எல்லாம் என் கெணத்துல ஒண்ணா பொறந்ததுங்கதான?”

“ஆமா மாமா.”

பெரியப்பா சிரித்துவிட்டார். “என் கெணத்த வுட உன் தொட்டி தேவலன்னு உன் பொண்ணே ருசு பண்ணிட்டாம்மா!”

கால்வாய்க்குப் போய் முதல் மூட்டையை அவரே தூக்கி எறிந்தார். தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு கூடவே ஓடினோம். யாரோ தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியைக் கொளுத்தினார்கள். அம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிவரை ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஒரு சொம்பு தண்ணி குடும்மா,” என்று கேட்டு வாங்கி, மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு சொம்பும் கேட்டார்.

“பாவம்மா, பெரியப்பாவுக்கு எவ்ளோ தாகம்!” என்றேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவள் அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கை நனைத்ததே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.