பச்சையும் புழுங்கலும்

என் மேசை இழுப்பறையில் பல வருடங்களாகக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு கிடக்கிறது. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய கரும்பழுப்புப் படலம். பின்புறம் ஒட்டிய தாளில் நீல மையில் ‘புழுங்கல்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எழுதியவள் என் ஆய்வுத் தோழி. நீடாமங்கலத்துக்காரி, வீட்டில் நெல் அவிக்கும் ஆலை. தஞ்சாவூரில் ஒரே ஆய்வகத்தில் சூரிய மின்கலம் செய்துகொண்டிருந்தோம். கண்ணாடியில் அடுக்கடுக்காகப் படலம் படியவைத்து ஃபர்னஸ் என்ற மின் உலையில் சுடுவது எங்கள் வேலை. சூடு குறைந்தால் படலத்துக்குள் படிக மணிகள் பொடியாகவே நின்றுவிடும்; மின்சாரம் தடுக்கித் தடுக்கி ஓடும். சூடு மிஞ்சினால் மேலடுக்கு கீழடுக்குக்குள் இறங்கிக் கலந்துவிடும். சுடாத துண்டுகள் இருந்த டப்பாவில் அவள் ‘பச்சை’ என்றும், சுட்டவை இருந்ததில் ‘புழுங்கல்’ என்றும் எழுதிவைத்தாள். அதைப் பார்த்த எங்கள் பேராசிரியர், ஆய்வகத்தில் யார் அரிசி வைத்திருப்பது என்று அரைமணி நேரம் சத்தம் போட்டார்.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. சரியான சூட்டில் சுட்டும் என் படலங்கள் எல்லாம் வெடித்து உரிந்தன. உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. மிச்சம் ஒரே கண்ணாடி. இதுவும் போனால் ஆய்வை விட்டுவிட்டு ஊருக்கு, பட்டுக்கோட்டைக்கு, பஸ் ஏறுவதென்று முடிவுசெய்திருந்தேன். சுடும் நேரம் முடிந்ததும் வழக்கம்போல் இடுக்கியோடு போய் ஃபர்னஸ் கதவில் கை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொறக்காதடி. அவிச்ச நெல்ல உடனே உச்சி வெயில்ல கொட்டுனா நொய்யாத்தான் போவும். உள்ளயே தானா ஆறட்டும்.”

சூடு இறங்கும்போது கண்ணாடி ஒரு அளவிலும் படலம் ஒரு அளவிலும் சுருங்கும், சட்டென்று ஆறினால் படலம் வெடிக்கும் என்று நானும் படித்துத்தான் இருந்தேன். அவசரக்காரிக்கு அது புத்தியில் ஏறவில்லை. சாயங்காலம்வரை கான்டீனில் உட்கார்ந்து நகம் கடித்தேன். எடுத்துப் பார்த்தால் படலத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் மின்முனை பூசி ஜன்னல் வெயிலில் காட்டியதும் மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறியது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் ஒரு பீக்கர் உடைந்தது. அந்தக் கண்ணாடியின் பின்புறம் தாள் ஒட்டி, அவளே ‘புழுங்கல்’ என்று எழுதி என்னிடம் தந்தாள். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

இன்று நானே பேராசிரியர். நாளை அவள் வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் ஆய்வகத்தைப் பார்க்கப்போகிறாள். பெரிய விஞ்ஞானி வருகிறாரே, டப்பாக்களில் நாங்கள் இன்னும் எழுதிவரும் ‘பச்சை’, ‘புழுங்கல்’ என்ற பெயர்களை மாற்றிவிடலாமா என்று என் மாணவி தயங்கிக்கொண்டே கேட்டாள். வேண்டாம் என்றேன். இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய கண்ணாடியை எடுத்து, ‘புழுங்கல்’ டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன்.