ரேடியேட்டருக்குத் தினம் ஒரு ஸ்பூன் மஞ்சள்

போன வருஷம் மாசி மாதக் கடைசியில் நடந்தது இது. மதுரையில் கே.கே. நகரில் குடியிருக்கிறோம். கணவருக்கு ஓசூரில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மூன்று வயது மகளும், அப்புறம் ஒரு ஜீப்பும்தான்.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப் அது. போடிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததை, கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்தார் என் கணவர். மலையேறிக்கொண்டிருந்த வண்டி, இப்போது என் மகளைப் பள்ளியில் இறக்கிவிடவும் உழவர் சந்தைக்குப் போய்வரவும் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, வண்டிக்கு அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நான் சின்ன விஷயத்துக்கே பத்துத் தடவை யோசிக்கிறவள். கேஸை அணைத்தோமா என்று மாடிப்படியில் பாதி இறங்கித் திரும்பி வருகிற ரகம். உடனே திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருக்கும் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயது இருக்கும். குனிந்து பார்த்தார், கையை விட்டுத் தடவினார். ரேடியேட்டர் இரண்டு இடத்தில் அரித்துப் போயிருக்கிறது, மாற்றிவிடுவதுதான் நல்லது, புதுசு கோயமுத்தூரிலிருந்து வர நாலு நாளாகும் என்றார். வரவழைக்கச் சொன்னேன்.

"அதுவரைக்கும் ரொம்பத் தூரம் போகாதீக தங்கச்சி. வழியில ஒழுக ஆரம்பிச்சா, வண்டி ஆறுனதும் ஒரு ஸ்பூன் மஞ்சப்பொடி போட்டு விடுங்க. ஓட்டையப் போய் அடைச்சுக்கிரும். வீடு வந்து சேர்ற வரைக்கும் தாங்கும், அம்புட்டுதான்."

மறுநாளே பள்ளிக்கூட வாசலில் சொட்டியது. வீட்டுக்கு வந்து, வண்டி ஆறும்வரை காத்திருந்து, ஒரு ஸ்பூன் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை!

அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு ஸ்பூன் மஞ்சளில் நிற்கிற ஒழுக்குக்கு எதற்குப் புது ரேடியேட்டர்? வீட்டில் ஆம்பளை இல்லாத நேரம் பார்த்துப் பெரிய வேலையாகச் சொல்கிறாரோ? இரவு முழுக்க வீடியோ பார்த்தேன். ஒருவர் மாற்று என்றார், ஒருவர் மாற்றாதே என்றார். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "மெக்கானிக்னாலே அப்படித்தான்" என்று ஒரு பெண் எழுதியதை மட்டும் என் மனம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை பாய்க்கு, 'ரேடியேட்டர் இப்போதைக்கு வேண்டாம்' என்று ஒரு வரி அனுப்பினேன். கூப்பிட்டுச் சொல்லத் தைரியமில்லை. 'சரிம்மா' என்று மட்டும் பதில் வந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மகளுக்கு வைட்டமின் டானிக் ஒரு ஸ்பூன், வண்டிக்கு மஞ்சள் ஒரு ஸ்பூன். ஒருநாள் லேசாகக் கசிந்த மாதிரி இருந்தது, இரண்டு ஸ்பூனாக்கினேன். கணவர் போனில் கேட்டபோது, "பாய்கிட்ட காட்டியாச்சு, சரியாயிருச்சு" என்றேன். பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. ஒழுகவில்லையே!

அடுத்த முறை கணவர் வந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. திருமங்கலம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் எங்கள் குலதெய்வம் கோயில். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் குத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன், அதாவது என் தம்பி, முதல்நாளே அங்கே போய்விட்டான்.

கணவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நகரத்துக்குள் குட்டிக் குட்டித் தூரம் ஓட்டும்போதே அந்த முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதை நாலைந்து நாளாகக் கவனித்திருந்தேன். திருமங்கலம் தாண்டியதும் சரசரவென்று ஏறியது.

"நிறுத்துங்க" என்றேன்.

"பழைய வண்டி முள்ளு அப்படித்தான் ஆடும். பேசாம வா."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

நிறுத்தியதும் முன்பக்கமிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மகள் கைதட்டினாள். கணவர் கைதட்டவில்லை.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதானே காட்டுன? அந்த பாயவே கூப்பிடு. என்னத்தப் பார்த்தாருன்னு கேப்போம்" என்றார். கூப்பிட்டேன். ஞாயிறு கடைக்கு விடுமுறை. கறிக்கடை வரிசையில் நிற்பதாகச் சொன்னார். இடத்தைக் கேட்டவர், "ஒண்ணையும் திறக்காதீக, வாரேன்" என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் மொபெட்டில் வந்து சேர்ந்தார். பின்னால் சாக்கில் சுற்றி, கயிறு போட்டு என்னவோ கட்டியிருந்தது. வேறொரு ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். உள்ளே பார்த்தால், பச்சைத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாகக் களி மாதிரி கெட்டியாக இருந்தது.

"அம்மா, சாம்பார்!" என்றாள் மகள்.

"என்ன பாய் இது? என்னத்த ஊத்தித் தொலைச்சீங்க?" என்றார் கணவர்.

பாய் ஒரு விரலால் அதைத் தொட்டார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு விநாடி. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"பழசுல தம்பி, உள்ள படிஞ்சுபோச்சு" என்றார். "அன்னைக்கே நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு."

கணவர் விடவில்லை. பொண்டாட்டி பிள்ளையை உங்களை நம்பித்தானே விட்டுவிட்டுப் போகிறேன், நடு ரோட்டில் தீப்பிடித்திருந்தால் என்னாகும், இனிமேல் வண்டியை உங்கள் கடைப்பக்கம் கொண்டுவர மாட்டோம், எங்கள் தெருவில் நாலு பேரிடமும் சொல்லுவேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். பாய் ஸ்பேனர்களை எடுத்துத் துணிமேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு எதிரே தென்னந்தோப்பு மோட்டார் ரூமுக்கு நடந்தேன். தண்ணீர் வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த இடத்தில் நிற்க முடியாமல்தான் போனேன். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு யோசித்தேன். பேசாமல் இருந்துவிடலாம். அவரே மூடி மறைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவருடைய கடைக்குக் கெட்ட பெயர் வரும். காதுகுத்துக்கு வந்திருக்கிற சொந்தக்காரர்களிடம் இன்றைக்கே கதை ஆரம்பிக்கும்: 'ஒரு பாய் இருக்காரு, அவர்கிட்ட மட்டும் வண்டிய விட்ராதீங்க.' அதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாளி நிரம்பி வழிந்து என் பட்டுச்சேலைக் கரை நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

திரும்பி வந்து வாளியைக் கீழே வைத்தேன். "அது நான் போட்டது" என்றேன்.

"எது?"

"மஞ்சப்பொடி. வழியில ஒழுகுனா மட்டும் ஒரு ஸ்பூன் போடச் சொன்னாரு. நான் தினமும் போட்டேன். சில நாள் ரெண்டு. புது ரேடியேட்டர் வாங்கிருவோம்னு அவரு அன்னைக்கே சொன்னாரு. நான்தான் வேண்டாம்னு மெசேஜ் போட்டேன்."

கணவர் என்னைப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீ எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதானே?" என்றார்.

பாய்தான் முதலில் சிரித்தார். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உப்பு மட்டுந்தான் தம்பி போடல. போட்டிருந்தா இன்னைக்கு இலை போட்டுச் சாப்பிட்டிருக்கலாம்."

கணவர் பாயின் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மன்னிச்சுக்கங்க பாய். தெரியாம வாயை விட்டுட்டேன்." "அட, விடுங்க. முதல்ல மொபெட்டுல இருக்குற அந்தச் சாக்கை இறக்குங்க" என்றார் பாய். அத்தோடு அது முடிந்தது.

மொபெட்டில் சாக்குக்குள் இருந்தது எங்கள் புது ரேடியேட்டர்தான். வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் அவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க வேணாம்னீங்க. ஆனா வண்டி வேணும்னு சொல்லிருச்சே" என்றார்.

அடுத்த இரண்டு மணி நேரம் அந்த ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப்பானது. என்ஜின் நன்றாக ஆறும்வரை தொட விடவில்லை. பிறகு களியை வடித்து, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் கவர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். மோட்டார் ரூம் குழாயிலிருந்து நீளமாகப் பைப் போட்டு, என்ஜினுக்குள் தண்ணீரை விட்டு, தெளிவாக வெளியே வரும்வரை அலசினார். பைப்பைப் பிடித்தது நான். நட்டு, போல்ட்டைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் காவல் காத்தது மகள். நடுநடுவே தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஆசாரி ரெண்டாவது காபி குடிச்சிட்டாரு. எங்க இருக்கீங்க?"

"இந்தா வாரோம்டா."

"அத்தான்கிட்டக் குடு."

கணவர் போனை வாங்கி, "மாப்ள, உங்கக்கா வண்டிக்கு மஞ்சத் தண்ணி ஊத்திட்டா. சடங்கு முடிஞ்சதும் வாரோம்" என்றார். அந்தப் பக்கம் அவன் என்ன புரிந்துகொண்டானோ தெரியவில்லை.

புதுசைப் பொருத்தி, கூலன்ட் ஊற்றி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, வண்டியைக் கிளப்பினார் பாய். முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. "சூடு ஏறுன உடனே நிறுத்துனீங்களே, அதுதான் என்ஜினைக் காப்பாத்துச்சு" என்று என்னிடம் சொன்னார். அந்த நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியத்தை அவர் தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, கணவர் காதில் விழாமல் மீதியையும் சொல்லிவிட்டேன். "உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன் பாய். ஏமாத்துறீங்களோன்னு."

"தெரியும் தங்கச்சி. எங்க வீட்டம்மாவும் அப்படித்தான். வாஷிங் மெஷின் பார்க்க வர்றவரை இன்னைக்கு வரைக்கும் நம்பாது. ஆனா ஒண்ணு, அது மூஞ்சிக்கு நேரா கேட்டுரும். நீங்களும் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா, கழட்டி ஓட்டையக் கையில காட்டியிருப்பேன்ல?"

காதுகுத்துக்கு வாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டோம். கறி வாங்காமல் வந்துவிட்டதால் வீட்டில் தனக்கே காது அறுபடும் என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.

நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. எமகண்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. என் மகள் மாமன் மடியில் ஊர் கூடும்படி அழுதாள். அடுத்த நிமிஷமே கம்மலைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது, அது இன்னும் போகவில்லை. இப்போது யார் எதைச் சொன்னாலும், வீடியோவைத் தேடுவதற்கு முன்னால் சொன்னவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். எனக்காக ஒரு மனிதர் பழியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அந்தப் பழியை அவர் தலையில் இறங்கவிடாமல் வாயைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.